நாலு மணிக்குப் போனால் போதும்

…மூன்று மணிக்குப் போனால் யோபு மட்டும்தான் இருப்பான், கையைக் கட்டிக்கொண்டு நிற்பான், எதைக் கேட்டாலும் நீங்களே பாத்து எழுதிக்கோங்க சார் என்பான், எழுதிவிட்டுத் திரும்ப வேண்டியதுதான், அதில் என்ன இருக்கிறது, நாலு மணிக்குப் போகலாம், வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு அவன் வீட்டில் ஜெபக்கூட்டம், பாய் விரித்துப் பத்துப் பேராவது உட்கார்ந்திருப்பார்கள், போதகரும் வந்திருப்பார்… துளசிங்கம் வாத்தியார் இதைத் திட்டம் போட்டு யோசிக்கவில்லை, அப்படித்தான் தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார், ஆனால் திட்டம் போடாத மனுஷன் எண்பத்தாறாம் நம்பர் வீட்டை முடித்துவிட்டு யோபுவின் எண்பத்தேழைத் தாண்டி எண்பத்தெட்டுக்குள் ஏன் நுழைய வேண்டும்? அந்த வீட்டில் தகரம் அடிக்கிற சாயபு, மனைவி, ஏழு பிள்ளைகள், வீட்டில் உருது, வெளியில் தமிழ், வாடிக்கைக்காரனைத் திட்ட தெலுங்கு. அடுத்த வீட்டு மாடியில் காலேஜ் பையன்கள் ஆறு பேர், புத்தூர்க்காரன் இரண்டு, நகரிக்காரன் ஒன்று, மற்றவர்கள் அரக்கோணம் பக்கம், ஒருவனுக்கும் தன் அப்பன் வயது தெரியவில்லை. மலைக்கோயிலுக்கு வருகிற மொட்டைகளை வைத்துப் பிழைத்த ஊரில் காலேஜ் ஒன்று வந்ததுதான் வந்தது, மாட்டுக்கொட்டகையெல்லாம் லாட்ஜாகிவிட்டது, எருமை கட்டின இடத்தில் பி.ஏ. சரித்திரம் படிக்கிறான்கள். பதினைந்து நாளாக இந்த ஊரை வீடு வீடாகப் பிரித்துப் பார்த்ததில் அவருக்குத் தெரிந்தது ஒன்றுதான், யாரும் உண்மை சொல்வதில்லை, நாற்பது வயதுக்காரி முப்பது என்கிறாள், இரண்டு பெண்டாட்டிக்காரன் ஒருத்தியைத் தங்கச்சி என்கிறான், சேட்டுக்கடைக்காரன் தொழில் என்ன என்றால் சமூகசேவை என்கிறான்.

எழுபத்தொன்று மார்ச்சு வெயில், சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது, தோளில் சர்க்கார் கொடுத்த பை, அதில் ஜனத்தொகைக் கணக்குக்கு நபருக்கு ஒன்றாக நிரப்புகிற சிலிப்புக் கட்டு. தாலுகா ஆபீசில் பயிற்சி கொடுத்தபோது அதிகாரி மூன்று விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னார், சொல்கிறவன் சொல்வதை அப்படியே எழுதணும், வாதாடக் கூடாது, நீங்க எழுதுறது இரகசியம், எந்த ஆபீசுக்கும் போகாது, கோர்ட்டுகூடக் கேட்டு வாங்க முடியாது, இதை வீட்டுக்கு வீடு சொல்லி ஜனங்க பயத்தைப் போக்கணும்… போக்கினார், எண்பத்தாறு வீட்டிலும் போக்கினார், இரண்டு பெண்டாட்டிக்காரனிடம்கூடச் சிரித்துக்கொண்டே சொன்னார், பயப்படாதய்யா, கூட்டிப் பாத்துட்டு மூலைல போட்டுடுவாங்க. தம் வீட்டுச் சிலிப்பை முதல் நாளே எழுதிவிட்டார், தாய்மொழி தமிழ். அவருடைய அம்மா இன்றைக்கும் தறிக்குழியில் உட்கார்ந்தால் தெலுங்கில்தான் பாடுவாள், தெலுங்கில்தான் சபிப்பாள், அறுபதாம் வருஷம் ஊர் ஆந்திராவிலிருந்து இந்தப் பக்கம் வந்த மறுமாதமே பிள்ளைகளிடம் தமிழில்தான் பேசவேண்டும் என்று வீட்டில் உத்தரவு போட்டவர் அவர், அதில் என்ன பொய், தமிழ்ச் சம்பளம் வாங்குகிறவனுக்குத் தமிழ் தாய்மொழி. சோடாக்கடை நிழலில் நின்று கோலி சோடா ஒன்று குடித்தார், கடைக்காரன் சுவர்க் கடிகாரத்தில் மூன்றே முக்கால், இன்னும் கால் மணி நேரத்தை எதைச் செய்து ஓட்டுவது, மத்தியானம் சாப்பிடவில்லை, பசியும் இல்லை, பல மாதமாகவே சரியாகப் பசிப்பதில்லை.

பல மாதம் என்ன பல மாதம், போன மே மாதத்திலிருந்து, பி.யூ.சி. ரிசல்ட்டு வந்த நாளிலிருந்து. மகள் பத்மா பெயில், இங்கிலீஷும் கணக்கும். யோபுவின் மகள் கிருபா முதல் வகுப்பு, உயிரியலில் ஊருக்கே முதல். சாயங்காலமே அந்தப் பெண் மைசூர்பாகு பொட்டலத்தை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தது, உள்ளே வரவில்லை, வாசலோடு நின்று சார் ஆசீர்வாதம் பண்ணுங்க என்று குனிந்தது, அழுது வீங்கின முகத்தோடு பத்மா வெளியே ஓடிவந்து பொட்டலத்தைப் பிடுங்கி முதல் துண்டைத் தன் வாயில் போட்டுக்கொண்டாள், வெட்கங்கெட்டவள். யார் இந்த யோபு? வாத்தியாருடைய அப்பாவின் சாயப்பட்டறையில் நூல் அலசினவனின் மகன், இவனும் அதே வேலைதான், முழங்கை வரை நீலம் ஏறி நகக்கண்ணெல்லாம் கறுத்துப் போனவன், பட்டறை வாசலுக்கு வெளியே தனிக் குவளையில் டீ வாங்கிக் குடித்த வம்சம், ஞாயிற்றுக்கிழமையானால் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வேதக்கோயிலுக்குப் போவான், தாத்தா காலத்தில் வெள்ளைக்காரத் துரை தண்ணீர் தெளித்து மாற்றின வேதம். அவன் மகள் டாக்டருக்குப் படிக்கப் போகிறாள். வயது சில மாதம் குறைகிறது என்று போன வருஷம் விட்டுப் போயிற்று, இந்த வருஷம் மே மாதம் விண்ணப்பம் போடுகிறாள், ஆதி திராவிடர் ஒதுக்கீட்டில் நிச்சயம் கிடைக்கும் என்று காலேஜ் பிரின்சிபாலே சொல்லியிருக்கிறாராம், கர்ணம், மணியக்காரர், தாசில்தார் என்று எட்டு மாதம் அலைந்து யோபு சர்ட்டிபிகேட்டு வாங்கிவிட்டான், இந்து ஆதி திராவிடர், முத்திரை போட்டு, வேதக்காரனுக்கு அந்த ஒதுக்கீடு கிடையாது. இந்து! நாளைக்கு நமக்கு நெஞ்சுவலி வந்தால் அவள் வந்து நாடியைப் பிடிப்பாள், நாம் சட்டையைக் கழற்றிவிட்டுப் படுத்துக்கொண்டு நாக்கை நீட்ட வேண்டும். இதை நினைக்கும்போதெல்லாம் வாத்தியாருக்கு உள்ளே எரிந்தது, எரிவது நியாயம்தான் என்று தோன்றியது, பொய் சர்ட்டிபிகேட்டு இல்லையா அது, பொய்யைக் கண்டால் எரியாதா?

ஆனால் அந்தப் பொய்யை முதலில் எழுதினது யார்? அதை ஏன் இப்போது நினைக்க வேண்டும்… ஐம்பத்தெட்டில் யோபு ஐந்து வயதுப் பெண்ணைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு வந்தபோது சேர்க்கைப் பதிவேட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் துளசிங்கம்தான், அப்போது பதிவேடு தெலுங்கு, மதம் என்ற கட்டம் வந்தது, யோபு வாயைத் திறக்கும் முன்னே இவரே தெலுங்கில் இந்து என்று எழுதிவிட்டார், புத்தகம் இனாம், சட்டை இனாம், இருக்கட்டும்டா யோபு, சாமி உன் சாமி, காகிதம் சர்க்கார் காகிதம். யோபு அழுதுவிட்டான். எத்தனை பெரிய மனுஷனாகத் தெரிந்தோம் அன்றைக்கு! அதிலிருந்து வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு ஒரு படி வேர்க்கடலை வரும், யோபுவின் மனைவி தபிதாள் தெருவில் கண்டால் ஒதுங்கி நின்று கும்பிடுவாள். முந்தாநாள்கூடக் கும்பிட்டாள். நன்மை செய்தவனுக்கு அதைத் திருப்பி எடுத்துக்கொள்ள உரிமை இல்லையா, கொடுத்த கைதானே… இல்லை, திருப்பி எடுப்பதற்கு என்ன இருக்கிறது, சும்மா ஒரு கேள்வி கேட்கப் போகிறோம், சர்க்கார் அச்சடித்த கேள்வி. போன ஞாயிற்றுக்கிழமை போதகர் சத்தியநாதன் சபையில் சொன்னாராம், கணக்கெடுக்க வருகிறவர்களிடம் நம்மவர் ஒருவரும் வேதத்தை மறைக்கக் கூடாது, மறைத்து எழுதினவர்களுக்கு இராப்போஜனப் பந்தியில் இடமில்லை, பிள்ளைகளுக்குக் கோயிலில் கலியாணமும் இல்லை. சோடாக்கடைக்காரன்தான் சொன்னான், அவனுக்கு வேறு வேலை என்ன. மணி நாலடித்தது. வாத்தியார் சோடாவுக்குச் சில்லறை கொடுத்துவிட்டு மெதுவாக நடந்தார்.

வீட்டு வாசலில் பதினாலு ஜோடி செருப்பு, எண்ணிப் பார்க்காமல் இருக்க முடியவில்லை, பதினைந்து நாளாகப் பிடித்த வியாதி. உள்ளே பாட்டு முடிகிற நேரம், ஈஸ்டருக்கு முந்தின தபசு காலத்துப் பாட்டு, இழுத்து இழுத்துப் பாடுகிறார்கள், சுவரோரமாக நூல் கழிகள், பாயில் கிழவிகள், நடுவில் ஒரே ஒரு நாற்காலி, அதில் போதகர். யோபு இவரைப் பார்த்ததும் எழுந்தான், முகத்தில் ரத்தம் இல்லை, அப்போதே புரிந்துவிட்டது அவனுக்கு, இல்லை, பாதி புரிந்தது, மீதியை அவன் நம்பவில்லை.

“சார்… கூட்டம் முடிஞ்சதும் நானே உங்க வூட்டாண்ட வந்து எல்லாம் சொல்லிட்றேன் சார். நீங்க ஏன் வெயில்ல…”

“இன்னும் நாப்பது வீடு கீது யோபு. நாளான்னிக்குள்ள முடிக்கலன்னா தாசில்தார் என்ன தொலைச்சிடுவாரு.”

“எழுதட்டும் யோபு,” என்றார் போதகர், “அரசாங்க வேலை. சாருக்கு ஒரு முக்காலி போடம்மா. நாங்க அமைதியா இருக்கிறோம்.”

நல்ல மனுஷன், எவ்வளவு மரியாதை, யோபு தப்ப முடியாமல் அவரே கதவைச் சாத்திக் கொடுக்கிறார் என்று வாத்தியாருக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். தபிதாள் முக்காலி போட்டாள், கும்பிட்டாள், அவள் இன்னும் ஒன்றும் புரியாதவள். பெயர், வயது, கலியாணம் ஆனதா, பிறந்த ஊர், தாய்மொழி… ஒவ்வொன்றாகக் கேட்டார், அவசரப்படவில்லை, பேனா மையை உதறிக்கொண்டார், ஒரு கிழவிக்கு இருமல் வந்தது, அது அடங்கும் வரை காத்திருந்தார். சமையலறை நிலையில் கிருபா வந்து நின்றாள், கையில் ஏதோ புத்தகம், விரலை நடுவில் விட்டு மூடியிருந்தாள், தூக்கிச் சீவின தலை, இந்தப் பெண் ஒருநாளும் கிளாசில் கொட்டாவி விட்டதில்லை, கேள்வி கேட்டால் கையைத் தூக்கிக்கொண்டே இருக்கும், நாமே அலுத்துப்போய் உனக்குத் தெரியும்மா, உக்காரு என்போம். சர்க்கார் பயப்படாதே என்று சொல்லச் சொன்ன அந்த மூன்று வாக்கியம் நாக்கின் நுனி வரை வந்தது, பழக்க தோஷம், எண்பத்தாறு வீட்டில் சொன்னது, எண்பத்தெட்டிலும் எண்பத்தொன்பதிலும் சொன்னது. வாத்தியார் அதை விழுங்கினார்.

“மதம்?”

யோபு தரையைப் பார்த்தான், போதகரைப் பார்த்தான், பிறகு இவர் முகத்தைப் பார்த்தான், எதையோ அதில் தேடினான், பதின்மூன்று வருஷத்துக்கு முன்னால் பதிவேட்டுக்குப் பின்னால் இருந்த முகத்தைத் தேடினானோ என்னவோ, தேடட்டும்.

“உங்களுக்குத் தெரியாததா சார்.”

“எனக்குத் தெரிஞ்சத எழுதக் கூடாது யோபு. நீ வாயால சொல்றதத்தான் எழுதணும். சட்டம்.”

“சொல்லு யோபு,” என்றார் போதகர், “இதுல யோசிக்க என்ன இருக்குது?”

அவன் இந்து என்று சொல்லிவிடுவானோ என்று ஒரு கணம் வாத்தியாருக்கே பயமாக இருந்தது, சொன்னால் என்ன, சொன்னால் அதுவும் நன்றாகத்தான் இருக்கும், பதினாலு ஜோடி செருப்பும் ஒவ்வொன்றாக வாசலை விட்டுக் கிளம்பும், இவன் அம்மாவைப் புதைத்த கல்லறைத் தோட்டத்தில் இவனுக்கு இடமில்லாமல் போகும், எப்படிச் சொன்னாலும் நமக்கு எழுதுகிற வேலைதான், அட, எவ்வளவு சுலபமாக இருக்கிறது… யோபுவின் நீலக் கைகள் ஒன்றையொன்று பிசைந்தன. நிலையருகே நின்ற மகள் பக்கம் அவன் திரும்பவே இல்லை, திரும்பினால் சொல்ல முடியாது என்று அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

“கிறிஸ்து மதம், சார்.”

“வீட்ல எல்லாருக்குமா?”

“எல்லாருக்கும்.”

“கிருபாவுக்கும்?”

இந்தக் கேள்வி அச்சடித்த தாளில் இல்லை. அது வாத்தியார் சொந்தமாகப் போட்டது. அதைப் போடாமலிருந்திருக்கலாம் என்று அப்போதே தோன்றியது, தோன்றிக்கொண்டே பதிலுக்குக் காத்திருந்தார். “ஆங்” என்றான் யோபு. ஸ்தோத்திரம் என்று ஒரு கிழவி சொன்னாள், போதகர் கண்ணை மூடிக்கொண்டார். அடுத்த கட்டம் ஆதி திராவிடரா என்பது, கிறிஸ்து மதம் என்று எழுதினால் அந்தக் கட்டம் கிடையாது, கோடு போட்டுவிட வேண்டும், வாயைத் திறக்காமல் போட்டிருக்கலாம், வாத்தியார் வாய்விட்டே சொன்னார், “அப்ப ஆதி திராவிடர்ங்கறது இல்ல, அடிச்சிட்றேன்,” மூன்று சிலிப்பிலும் மூன்று கோடு, பேனா கிறீச்சிட்டது. அப்போதுதான் தபிதாளுக்குப் புரிந்தது, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். நிலையருகே யாரும் இல்லை, பெண் உள்ளே போயிருந்தது.

சந்து திரும்புகிற இடத்தில் பின்னால் காலடி கேட்டது, கிருபாதான், பின்வாசல் வழியாக ஓடி வந்திருக்கிறாள், மூச்சு வாங்குகிறது, செருப்பில்லாத கால், பக்கத்தில் சாயக்கால்வாயில் பட்டறைத் தண்ணீர் கருநீலமாக ஓடிக்கொண்டிருந்தது. கையில் நாலாக மடித்த காகிதம். திட்டப் போகிறாள் என்று வாத்தியார் நினைத்தார், திட்டினால் நல்லது, பதிலுக்கு நாமும் இரண்டு கேட்டுவிடலாம், எத்தனை வருஷமாக மனசில் வைத்திருக்கிறோம்.

“சார், ஒண்ணு கேக்கணும். நைனாவுக்குத் தெரியாது, அதான் உங்ககிட்ட கேக்கறேன். அந்த சிலிப்ப யாராச்சும் பாப்பாங்களா சார்? சர்ட்டிபிகேட்டோட ஒத்துப் பாப்பாங்களா?”

ஒரு வார்த்தை. பாக்கமாட்டாங்கம்மா. கோர்ட்டுகூடக் கேக்க முடியாதும்மா. நீ பாட்டுக்குப் போய் விண்ணப்பம் போடு. இதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும், சோடாக் குண்டைக் கட்டைவிரலால் அழுத்துகிற நேரம்தான், சொல்லிவிடலாம், சொல்லத்தான் போகிறோம்… அந்தப் பெண் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது, ஊரில் இத்தனை பேர் இருக்க இவரிடம் வந்திருக்கிறது, இவர் சொன்னால் அதுதான் உண்மை, சூரியன் ஒன்பது கோடி மைல் தூரம் என்றால் ஒன்பது கோடி மைல்தான், முதலமைச்சர் வந்து மறுத்தாலும் நம்பாது. இப்படி ஒருவர் தம் வாயைப் பார்த்துக்கொண்டு நின்று எத்தனை நாளாயிற்று. வாத்தியார் பையின் வாரைச் சரிசெய்துகொண்டார்.

“கவர்மெண்டு கணக்கும்மா,” என்றார்.

“ரெண்டும் வேற வேறயா இருந்தா நைனாவ உள்ள வெப்பாங்களா சார்?”

“அத நான் எப்டிம்மா சொல்றது. தாசில்தார் கையெழுத்து போட்டு குட்துகிறாரு. பொய்ன்னு தெரிஞ்சா அவருக்கும் கஷ்டம் பாரு.”

“இத வூட்ல வெச்சிகினு இருந்தா தப்பா?”

“உங்க இஷ்டம்மா.”

கணக்குப் போடும்போது உதட்டைக் கடிப்பாளே அதே மாதிரி கடித்துக்கொண்டாள், பிறகு காகிதத்தைப் பிரித்தாள், வட்ட முத்திரை, பச்சை மைக் கையெழுத்து, நிதானமாக இரண்டாக, நாலாக, எட்டாகக் கிழித்தாள், குனிந்து சாயக்கால்வாயில் விட்டாள். ஓடவில்லை துண்டுகள், கொஞ்ச நேரம் அங்கேயே நின்று நீலம் குடித்தன, பிறகு போயின. “நைனாகிட்ட சொல்லாதீங்க சார், அவராலதான் போச்சின்னு நெனச்சி செத்துப்போயிடுவாரு. எனக்கே இஷ்டமில்ல, பி.எஸ்ஸியே போதும்னு சொல்லிக்கிறேன்,” என்றாள். அழவில்லை. “நீங்க அன்னிக்கு எழுதலன்னா நான் அஞ்சாவதோட நூல் அலச போயிருப்பேன் சார். இவ்ளோ தூரம் வந்ததே உங்களாலதான்.” கும்பிட்டுவிட்டுத் திரும்பிப் போனாள், பின்வாசல் சாத்திக்கொண்டது, உள்ளே மறுபடி பாட்டு ஆரம்பித்தது.

மறுசுற்று ஒன்று இருக்கிறது, ஏப்ரல் ஒன்றிலிருந்து மூன்று வரை, பிறந்தவன் செத்தவனைச் சேர்த்துக் கழிக்க வீடு வீடாக மறுபடி போகவேண்டும், அப்போது சொல்லிவிடலாம், நான் பாட்டுக்கு எழுதினது அதும்மா, யாரும் பாக்கமாட்டாங்க, புது சர்ட்டிபிகேட்டு வாங்கிக்கலாம்… வாங்கலாமா? கர்ணத்திலிருந்து மறுபடி எட்டு மாதம், மே மாதம் போயே போய்விடும், அடுத்த வருஷம் போடட்டும், ஆனால் பதினாலு பேர் நடுவில் கிறிஸ்து மதம் என்று சொன்ன வாயோடு யோபு மறுபடி தாசில்தார் முன்னால் போய் நிற்பானா, நிற்கமாட்டான், அவன் கோழை. கோழைதான், இல்லாவிட்டால் என் கழுத்தைப் பிடித்திருக்க வேண்டாமா? நாம் ஒரு பொய்யும் சொல்லவில்லை, யோசித்துப் பார்த்தால் இன்று தெரு முழுக்க உண்மை எழுதின வீடு அது ஒன்றுதான், அந்த நினைப்பு கொஞ்சம் சிரிப்பாகக்கூட இருந்தது. மலை மேல் வெயில் சரிந்துகொண்டிருந்தது, படியில் ஆட்கள் எறும்பாக ஏறினார்கள், பஸ் ஸ்டாண்டில் ஆர்.கே.பேட்டை வண்டி உறுமியது, இன்னும் நாலைந்து வீடு எழுதலாம், வெளிச்சம் இருக்கிறது, ஆனால் கால் வீட்டுக்குத்தான் நடந்தது, வேகமாகவே நடந்தது.

மத்தியானச் சோறு மூடி வைத்தபடி இருந்தது, மனைவி கமலா கீரைக் குழம்பைச் சூடு பண்ணி ஊற்றினாள், பத்மா எதிரில் குந்திக்கொண்டு அப்பளம் நொறுக்கினாள். “நைனா, இன்னிக்கு கிருபா வூட்ட எழுதிட்டியா? கிருபாவ நல்லா எழுதினியா? அவ டாக்டருக்கு படிக்கப் போறா இல்ல, அதயும் எழுதணுமா அதுல?” என்றாள், அவர் வாய் நிறைய சோறு, தலையை ஆட்டினார். “அவகிட்ட இப்பவே சொல்லி வெச்சிட்டேன், எனக்கு கல்யாணமாயி பிள்ள பொறந்தா நீதாண்டி பாக்கணும், வேற ஒருத்திய தொட வுடமாட்டேன்னு. சரிடின்னா. மதராசுல காலேஜ் சேர்றப்ப என்னயும் கூட்டிகினு போய் காட்றேன்னுகிறா நைனா, போவட்டா?” பெயிலானவள், பத்து மாதமாக வீட்டில் உட்கார்ந்து நூல் சுற்றுகிறவள், இவளுக்கு ஒரு பொறாமை இல்லை, ஒரு வருத்தம் இல்லை, யாருக்காக இத்தனையும் செய்தோமோ அவளுக்கு அதில் துளி ஆசைகூட இல்லை… அவளுக்காகவா? இவள் முதல் வகுப்பில் பாஸாகி, இவளுக்கும் ஒரு இடம் கிடைத்து, இரண்டு பெண்களும் ஒரே ரயிலில் மதராசுக்குப் போயிருந்தால், அப்போது விட்டிருப்பேனா? வாத்தியார் அந்தக் கேள்வியைச் சோற்றோடு சேர்த்துப் பிசைந்துகொண்டே இருந்தார், பதில் வரவில்லை, வந்ததெல்லாம் பசிதான், போன மே மாதத்துக்கு அப்புறம் இன்றைக்குத்தான் சோறு இப்படி இறங்குகிறது, தொண்டையில் ஒரு இடத்திலும் நிற்கவில்லை, தட்டு காலியாகிவிட்டது.

“மோருக்கும் போடட்டா?” என்றாள் கமலா, ஆச்சரியமாக.

“ஆங்,” என்றார், “நல்லாவே போடு.”